இங்கிலாந்து உள்நாட்டுப் போரை வைத்துக் காதல் நாவல் எழுதப் போகிறீர்களா? முதலில் ஜப்திப் பட்டியலைப் படியுங்கள்

என் நாவலின் முதல் வரைவு 412 பக்கம். அதில் 260 பக்கத்தைக் குப்பையில் போட்டேன். நடை மோசம் என்று போடவில்லை. எல்லாம் கணக்குத் தவறு. தேதி தவறு, திருமணச் சட்டம் தவறு, நிலா தவறு, நாயகி குடித்த பானம்கூடத் தவறு. வங்கியில் 31 ஆண்டு பேரேடு பார்த்தவள் இப்படிக் கோட்டைவிட்டது எனக்கே வெட்கமாக இருந்தது. ஒன்றரை ஆண்டில் முடித்திருக்கக்கூடிய வேலைக்கு மூன்றே கால் ஆண்டு ஆயிற்று.

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், அரசர் முதலாம் சார்லஸுக்கும் பார்லிமென்டுக்கும் நடந்த போரின் நடுவே ஒரு காதல் கதையைத் தமிழில் எழுத நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வரலாற்றை நான் சொல்லப்போவதில்லை. அது எங்கும் கிடைக்கிறது. எந்தக் காகிதம் எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆகும், எத்தனை நாள் பிடிக்கும், எங்கே வழுக்கும் என்பது மட்டும்.

1. ஓர் ஊர், ஒன்றரை ஆண்டு: அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள்

1642 ஆகஸ்டில் நாட்டிங்ஹாமில் அரசர் கொடி ஏற்றியதிலிருந்து 1651 செப்டம்பரில் வூஸ்டர் போர் வரை ஒன்பது ஆண்டுகள். அத்தனையையும் ஒரு காதலுக்குள் திணிக்க முயன்றால் என்ன ஆகும் என்பதற்கு என் 260 பக்கங்களே சாட்சி. நாயகனும் நாயகியும் போருக்குப் போர் ஓடிக்கொண்டே இருந்தார்கள். உட்கார்ந்து பேச அவர்களுக்கு நேரமே கிடைக்கவில்லை.

ஓர் இடத்தைப் பிடியுங்கள். அரசரின் தலைநகராக இருந்த ஆக்ஸ்ஃபோர்டு ஒன்று. முற்றுகைக் கதை வேண்டுமானால் 1643இன் பிராம்ப்டன் பிரையன் கோட்டை. ஊர் முழுக்க அரசர் கட்சி. கோட்டைக்குள் பார்லிமென்ட் கட்சிக்காரரின் மனைவி பிரில்லியானா ஹார்லி, கணவர் லண்டனில் இருக்க, பிள்ளைகளுடன் தனியாகத் தாக்குப்பிடித்தார். லேத்தம் மாளிகையும் கார்ஃப் கோட்டையும் எதிர்ப்பக்கம். அங்கே அரசர் கட்சிப் பெண்கள் முற்றுகையைச் சமாளித்தார்கள்.

நான் கடைசியில் தேர்ந்தெடுத்தது 1646 ஜூனில் ஆக்ஸ்ஃபோர்டு சரணடைந்த பிறகு வரும் பதினெட்டு மாதங்களை. துப்பாக்கி ஓய்ந்துவிட்டது, ஜப்தி ஓயவில்லை. அரசர் பக்கம் நின்றவர்களின் வீடுகளுக்குப் பார்லிமென்ட் குழுவின் ஆட்கள் பட்டியல் எடுக்க வருகிறார்கள். நம்மூரில் அமீனா வந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. என் நாயகன் அந்தக் குழுவின் எழுத்தர். நாயகி அந்த வீட்டு மகள். அவள் பாட்டியின் கட்டிலுக்கு அவன் விலை போட்டு எழுதும் இடத்தில்தான் என் நாவல் முதல் தடவையாக மூச்சுவிட்டது.

இந்தப் படியில் பலரும் விழும் பள்ளம் ஆலிவர் கிராம்வெல். 1642இல் அவர் ஒரு குதிரைப்படைக் குழுவின் கேப்டன் மட்டுமே. அந்த ஆண்டிலேயே ஊர் முழுக்க அவர் பெயரைச் சொல்லி நடுங்குவதாக எழுதாதீர்கள்.

2. எழுதும் முன்பே இரண்டு பத்தி நாட்காட்டி தயாரியுங்கள்

ஒரு வார இறுதி போதும். இதைச் செய்யாமல் விட்டதால் நான் இழந்தது ஏழு மாதம்.

அன்றைய இங்கிலாந்து பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது. நாம் இப்போது பயன்படுத்தும் நாட்காட்டிக்கு அது 10 நாள் பின்னால். அதுகூடப் பரவாயில்லை, ஆண்டு பிறப்பதே மார்ச் 25இல்தான். அரசரின் தலை வெட்டப்பட்டது நம் கணக்கில் 1649 ஜனவரி 30. அன்றைய ஆட்கள் பலர் அதை 1648 ஜனவரி என்றே எழுதினார்கள். பிப்ரவரி 1648 என்று தேதியிட்ட ஒரு கடிதத்தின் நகலை வைத்து நான் ஓர் அத்தியாயம் எழுதினேன். அரசர் இறந்த துக்கத்தில் நாயகி கறுப்பு உடுத்தி அழுகிறாள். அடுத்த அத்தியாயத்தில் 1648 கோடை வருகிறது. அரசர் உயிரோடு சிறையில் இருக்கிறார். இதை அச்சுக்கு முன் கண்டுபிடித்தவர் என் கணவர். இன்றும் விருந்தினர் வந்தால் சொல்லிச் சிரிக்கிறார்.

அதனால் நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம் ஆவணத்தில் இருக்கும் தேதி, வலப்பக்கம் நம் கணக்கில் ஆண்டு. மூலத்தில் ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரை உள்ள எந்தத் தேதியைப் பார்த்தாலும் சிவப்பு மையால் சுழியுங்கள். பின்னாளில் பதிப்பித்தவர்கள் சிலர் ஆண்டைத் திருத்தியே அச்சிட்டிருப்பார்கள், சிலர் அப்படியே விட்டிருப்பார்கள். முன்னுரையில் அதைச் சொல்லியிருப்பார்கள். முன்னுரையைத் தாண்டிப் போகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

நிலவு இல்லாமல் காதல் நாவல் எழுத நமக்கு வராது. இணையத்தில் பழைய தேதிக்கு நிலவின் பிறையைக் கணக்கிட்டுத் தரும் கருவிகள் உண்டு. ஆனால் அவற்றுக்கு 1640களின் ஆங்கிலத் தேதியை அப்படியே கொடுத்தால் பதில் தவறாக வரும். 10 நாள் கூட்டித்தான் கொடுக்க வேண்டும். மார்ஸ்டன் மூர் போர் நடந்தது 1644 ஜூலை 2 மாலை. அந்தத் தேதியை அப்படியே போட்டால் அமாவாசைக்கு இரண்டு நாள் முன் என்று வரும், கும்மிருட்டு. கூட்டி ஜூலை 12 என்று போட்டால் எட்டு ஒன்பது நாள் வளர்பிறை. நிலவொளியில் சண்டை முடிந்ததாகச் சொல்லப்படுவதோடு இது ஒத்துப்போகிறது. பஞ்சாங்கம் பார்த்து வளர்ந்த நாம் இதில் தப்பு செய்யலாமா?

3. வீட்டில் உட்கார்ந்தே கிடைக்கும் ஆவணங்கள்: செலவு அநேகமாகப் பூஜ்யம்

இதற்கு ஆறு மாதம் ஒதுக்குங்கள். நாள்தோறும் இரண்டு மணி நேரம்.

முதலில் எடுக்க வேண்டியது, அரசர் கட்சிக்காரர்கள் அபராதம் கட்டிச் சொத்தை மீட்ட குழுவின் ஆவணச் சுருக்கங்கள். லண்டனில் பொற்கொல்லர் சங்க மண்டபத்தில் இந்தக் குழு கூடியது. சுருக்கங்கள் 1889 முதல் 1892 வரை ஐந்து தொகுதிகளாக அச்சாயின. இன்டர்நெட் ஆர்கைவில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஒரு குடும்பத்தின் பெயரைத் தேடினால் மனு, சொத்து மதிப்பு, அபராதத் தொகை, தவணை, பாக்கி எல்லாம் வரிசையாக வரும். பத்தில் ஒன்று, ஆறில் ஒன்று, மூன்றில் ஒன்று என்று ஆளைப் பொறுத்து அபராதம் மாறும். வங்கிக்காரிக்கு இதைவிடச் சுவையான வாசிப்பு உண்டா? ஜப்தி ஆன சொத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை மனைவி மக்களுக்குக் கொடுக்க 1643 முதல் விதி இருந்தது. அந்த ஐந்தில் ஒன்றைக் கேட்டுப் பெண்கள் லண்டனுக்கு நடையாய் நடந்தார்கள். உங்கள் நாயகி வீட்டைவிட்டுக் கிளம்பித் தனியாகப் பயணம் செய்ய நியாயமான காரணம் தேடிக்கொண்டிருக்கிறீர்களா? இதோ இருக்கிறது. கனவும் சோதிடமும் வேண்டாம்.

அடுத்து பிரிட்டிஷ் ஹிஸ்டரி ஆன்லைன். பார்லிமென்டின் இரு அவைகளின் நாளேடுகளும், 1642 முதல் 1660 வரையிலான சட்டங்களும் ஆணைகளும் அங்கே உள்ளன. எந்த மாதத்தில் எது தடை என்று தெரியாமல் கதை எழுத முடியாது. நாடகக் கொட்டகைகள் 1642 செப்டம்பரில் மூடப்பட்டன. கிறிஸ்துமஸ் பண்டிகையையே 1647 ஜூனில் ரத்து செய்தார்கள். என் நாயகி 1647 டிசம்பரில் பலகாரம் செய்கிற காட்சியை நீக்கவில்லை. கதவைத் தாழிட்டுச் செய்வதாக மாற்றினேன். பலகாரத்துக்கு ருசி கூடியது.

மூன்றாவது, சிவில் வார் பெட்டிஷன்ஸ் என்ற இணையதளம். காயம்பட்ட வீரர்களும் போரில் கணவரை இழந்த பெண்களும் உதவித்தொகை கேட்டுக் கொடுத்த மனுக்கள், படத்தோடும் எழுத்துப்படியோடும் இருக்கின்றன. எல்லாம் ‘பணிவுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்’ ரகம். மனு எழுதுபவர் வேறு, மனுதாரர் வேறு என்பதை மறக்காதீர்கள். நம் தாலுகா அலுவலக வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவரைப் போல அங்கும் ஒருவர் எழுதிக் கொடுத்தார். பல பெண்கள் கடைசியில் ஒரு குறி மட்டும் இட்டார்கள். அந்த நடை அவள் பேச்சு என்று எண்ணி நாயகியின் வாயில் வைத்துவிடாதீர்கள்.

அந்தக் காலத்தில் அச்சான துண்டு நூல்கள் பல, ‘ஏர்லி இங்கிலிஷ் புக்ஸ் ஆன்லைன்’ என்ற தொகுப்பிலிருந்து எழுத்துவடிவில் தட்டச்சு செய்யப்பட்டுப் பொதுவில் கிடைக்கின்றன. முதல் தொகுதி 2015இல் இலவசமானது. படமாகப் பார்க்கத்தான் பல்கலைக்கழகச் சந்தா வேண்டும். நமக்கு எழுத்து போதும்.

இங்கே ஒரு பணப் பள்ளம். வம்சாவளி தேடித் தருவதாகச் சொல்லும் ஒரு சந்தா தளத்தில் பதினான்கு நாள் இலவசம் என்று சேர்ந்தேன். பதினைந்தாம் நாள் அட்டையிலிருந்து ஓர் ஆண்டுக் கட்டணம் போனது. உயில்கள்தான் வேண்டுமென்றால் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் இலவசக் கணக்கு தொடங்குங்கள். அவர்களே எண்ணிமமாக்கிய பழைய உயில்களை 2020 முதல் கணக்கு வைத்திருப்பவர்கள் ஒரு வரம்புக்குள் காசில்லாமல் இறக்கிக்கொள்ள முடிந்தது. விதி மாறலாம் என்பதால் தொடங்குவதற்கு முன் ஒருமுறை பாருங்கள்.

4. பழைய கையெழுத்து: மூன்று மாதம், தினம் அரைமணி

அச்சுப்பிரதி போதும் என்பவர்கள் இந்தப் படியைத் தாண்டலாம். தாண்டாதீர்கள் என்பேன். தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்திலேயே பழைய கையெழுத்து வாசிக்க இலவசப் பாடம் இருக்கிறது. ‘எஸ்’ நீண்டு ‘எஃப்’ போல நிற்கும். ‘தி’ என்று படிக்க வேண்டியதை எல்லோரும் ‘யீ’ என்று படிப்போம். அந்த ‘ஒய்’ ஒரு பழைய எழுத்தின் தேய்ந்த வடிவம், ஒலி ‘த’தான். எழுத்தைவிடச் சொல் அதிகம் ஏமாற்றும். ‘பிரதர்’ என்று கண்டால் உடன்பிறந்தவன் என்று முடிவு கட்டாதீர்கள். கணவரின் தம்பி, அக்காவின் கணவர் எல்லோரும் அவர்களுக்குப் ‘பிரதர்’; மாமியாரும் ‘மதர்’தான். அத்தை, மைத்துனர், கொழுந்தன் என்று தனித்தனிச் சொல் வைத்திருக்கும் நமக்கு இது எரிச்சலூட்டும். இப்படித்தான் என் நாயகிக்கு இல்லாத ஓர் அண்ணனை உருவாக்கி, அவனை நேஸ்பி போரில் சாகடித்து, மூன்று பக்கம் ஒப்பாரியும் வைத்தேன்.

5. நேரில் போவதானால்: விசா, அட்டை, பென்சில்

என் மகளின் பிரசவத்துக்காக ஆறு மாதம் இங்கிலாந்து போனேன். அந்தச் சாக்கில்தான் காப்பகங்களைப் பார்த்தேன். குடும்பத்தில் அப்படியொரு பயணம் வந்தால் விடாதீர்கள். இதற்காகவே விமான டிக்கெட் எடுக்கச் சொல்ல மாட்டேன்.

பார்வையாளர் விசாவே போதும். நான் விண்ணப்பித்தபோது ஆறு மாத விசாவுக்கு 115 பவுண்டு. 2025 ஏப்ரலில் 127 ஆயிற்று. கட்டணம் அடிக்கடி ஏறுவதால் விண்ணப்பிக்கும் அன்று பாருங்கள். பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கைரேகை கொடுத்த பிறகு வழக்கமாக மூன்று வாரம். கடவுச்சீட்டு, ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கை, ஓய்வூதியச் சான்று, மகளின் அழைப்புக் கடிதம், அவள் வீட்டு வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றை வைத்தேன். தமிழில் மட்டும் உள்ள எந்தச் சான்றுக்கும் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும்.

இதை விசாவோடு முடிந்துவிட்ட கதை என்று நினைத்தேன். ஒரு மாவட்ட ஆவணக் காப்பகத்துக்கு ரயிலில் இரண்டு மணி நேரம் போய் இறங்கினால், முகவரிச் சான்று கேட்டார்கள். என் கையில் இருந்தது கடவுச்சீட்டும் தமிழில் அச்சிட்ட குடும்ப அட்டையும். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அழகான எழுத்து என்றார், அனுமதிக்க மறுத்துவிட்டார். ரயில் கட்டணம் போனது போனதுதான். முகவரி ஆங்கிலத்தில் உள்ள வங்கி அறிக்கையைத் தாளில் அச்சிட்டு எடுத்துப் போங்கள். கைபேசித் திரையில் காட்டுவதை நம்பாதீர்கள்.

லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, வாசகர் அட்டையும் இலவசம். ஞாயிறு, திங்கள் விடுமுறை. அபராதக் குழுவின் மூலத்தாள்கள் எஸ்.பி. 23 என்ற வரிசையில் உள்ளன. வீட்டிலிருந்தே எண்ணைக் குறித்து முன்கூட்டியே கேட்டு வையுங்கள். போன பிறகு கேட்டால் பாதி நாள் காத்திருப்பில் கழியும். பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில் மட்டும். அழிப்பானும் கூடாது. சொந்தக் கேமராவில் படம் எடுக்கக் காசில்லை.

நான்கு நாளில் 640 படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் எந்தத் தாள் எந்தக் கட்டில் இருந்தது என்றே தெரியவில்லை. ஆவண எண்ணைப் பென்சிலால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, ஒவ்வொரு படத்தின் மூலையிலும் அது விழும்படி வைத்து எடுங்கள். இந்த ஒரு வரிக்காகவே இந்தக் கட்டுரையைச் சேமித்து வைக்கலாம்.

ஜனவரியில் அங்கே இருந்தால் குளிரைப் பொருட்படுத்தாதீர்கள். 25ஆம் தேதியை ஒட்டிய சனிக்கிழமை நான்ட்விச் ஊரில் அன்றைய போரை நடித்துக் காட்டுகிறார்கள். மாதக் கடைசி ஞாயிறன்று லண்டனில் அரசர் கட்சி உடையில் ஊர்வலம் போகிறது. துப்பாக்கித் திரியின் புகையை அங்கேதான் முதன்முதலாக முகர்ந்தேன். வெடியுப்பு ஏற்றிய கயிறு அது. மெதுவாகக் கனிந்துகொண்டே இருக்கும். நடிகர் ஒருவர் கயிற்றின் கனலும் முனையை வாய் அருகே கொண்டுபோய் ஊதினார். சிவப்புப் புள்ளி பெரிதாகி மறுபடி சுருங்கியது. இரவில் இந்தப் புள்ளி தொலைவிலிருந்தே தெரியும் என்றார். தோட்டத்து இருட்டில் நாயகியைச் சந்திக்கத் திரி கனலும் துப்பாக்கியோடு என் நாயகனை ஒளித்து வைத்திருந்தேனே! அன்றிரவே அவன் துப்பாக்கியைப் பிடுங்கிவிட்டேன்.

விமான டிக்கெட் நீங்கலாக, விசா, ரயில், அருங்காட்சியகச் சீட்டு, அச்சுநகல், ஏமாந்த சந்தா எல்லாம் சேர்த்து என் நோட்டுக் கணக்கில் 61,000 ரூபாய். ஊரிலேயே இருந்திருந்தால் சந்தாவோடு போயிருக்கும்.

6. கல்யாணம் செய்து வைக்கும் முன் ஆண்டைப் பாருங்கள்

நாவலின் கடைசி அத்தியாயம் 1645க்கு முன்னா பின்னா என்பதைப் பொறுத்துச் சடங்கே மாறும். அதுவரை ஜெபப் புத்தகப்படி, மணமகளுக்கு மோதிரம் அணிவித்து, கோயிலில். 1645 ஜனவரியில் பார்லிமென்ட் அந்தப் புத்தகத்தையே விலக்கி வேறு முறைநூலைக் கொண்டுவந்தது; அதில் மோதிரம் இல்லை. பாதிரியார் துணிந்தால் பழைய முறையில் ரகசியமாகச் செய்து வைப்பார். 1653 செப்டம்பர் 29 முதல் இன்னொரு புரட்சி: திருமணம் செய்து வைப்பவர் நீதிபதி. மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்கலாம், அல்லது மூன்று சந்தை நாளில் சந்தையிலேயே அறிவிக்கலாம். கோழி விலையும் கத்தரிக்கோல் விலையும் கூவுகிற இடத்தில் இன்னாரின் மகளுக்கும் இன்னாருக்கும் என்று ஒருவன் கத்துகிறான். இதைவிட நல்ல காட்சியை நான் சொந்தமாகக் கற்பனை செய்திருக்க முடியாது. ஆனால் என் கதை 1647இல் முடிகிறது. நெஞ்சு பொறுக்காமல் ஆறு ஆண்டு தள்ளிப் பார்த்தேன், ஒட்டவில்லை. அந்தச் சந்தை உங்களுக்கே.

பதினாறு வயது நாயகி நம் வழக்கம். அங்கே சாதாரணக் குடும்பப் பெண்கள் இருபதுகளின் நடுவில்தான் முதல் திருமணம் செய்தார்கள். என் நாயகிக்கு 24 ஆக்கியதும் அவள் வசனங்கள் தாமாகத் திருந்தின.

இரு கட்சிக்கும் இடையில் காதல் நடக்குமா என்று சந்தேகப்படுபவர்கள் டாரத்தி ஆஸ்பர்னின் கடிதங்களைப் பார்க்கட்டும். தந்தை கெர்ன்சி தீவின் கோட்டையை அரசருக்காகக் காத்தவர். டாரத்தி விரும்பிய வில்லியம் டெம்பிளின் தந்தையோ பார்லிமென்ட் பக்கம். 1648இல் சந்தித்தவர்கள் 1654 கிறிஸ்துமஸ் அன்றுதான் மணந்தார்கள். தடையாக நின்றவை வாளும் படையும் என்று நினைக்காதீர்கள். சொத்து, வரன் பார்க்கும் அண்ணன், வாரம் ஒருமுறை கடிதம் கொண்டுபோகும் வண்டிக்காரன். நமக்கு மிகவும் பழக்கமான தடைகள்.

7. வாய்க்கும் உடம்புக்கும் கைக்கும்

தேநீர் வேண்டாம். லண்டனில் அதற்கு விளம்பரம் வந்ததே 1658இல். லண்டனின் முதல் காபிக் கடை 1652. குழந்தை முதல் கிழவர் வரை குடித்தது நீர்த்த பியர். உருளைக்கிழங்கு அரிது, முள்கரண்டியும் அப்படியே.

உடைக்கு ஹாலர் என்ற செக் ஓவியரின் செதுக்குப் படங்களைத் தேடுங்கள். 1640களின் இங்கிலாந்துப் பெண்களைத் தலை முதல் கால் வரை வரைந்து வைத்திருக்கிறார்; கைத்துணியின் மடிப்புகூடத் தெரியும். படைவீரர்களுக்குப் பக்கத்துக்கு ஒரு சீருடை தொடக்கத்திலேயே இருந்ததாக எண்ணாதீர்கள். அடையாளத்துக்குத் தோளில் ஒரு பட்டைத் துணி, அல்லது தொப்பியில் அன்றன்று சொல்லிவைத்த ஏதோ ஒன்று. மார்ஸ்டன் மூரில் பார்லிமென்ட் தளபதி தாமஸ் ஃபேர்ஃபாக்ஸ் தன் தொப்பியின் வெள்ளைத் துண்டைக் கழற்றிப் போட்டுவிட்டு எதிரிப் படையின் நடுவிலேயே குதிரையில் போய்த் தப்பினார். முடியை வைத்துக் கட்சி சொல்வதும் தவறு. பார்லிமென்ட் கட்சிக் கர்னல் ஹட்சின்சனின் அடர்ந்த கூந்தலை அவர் மனைவி லூசி எவ்வளவு பெருமையோடு எழுதியிருக்கிறார் தெரியுமா?

துணி என்றதும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 1648 ஏப்ரலில் காவலிலிருந்த 14 வயது இளவரசர் ஜேம்ஸைப் பெண்வேடத்தில் தப்பவைக்க அரசர் கட்சிப் பெண் ஆன் ஹால்கெட் உதவினார். இளவரசரின் உயரத்தையும் இடுப்பையும் ஒரு நாடாவில் அளந்து வரச் சொன்னார். தையற்காரர் அளவைப் பார்த்தார். இத்தனை குட்டையாக இத்தனை பெரிய இடுப்போடு ஒரு பெண்ணை ஆயுளில் பார்த்ததில்லை என்றார். ஆனாலும் தைத்துக் கொடுத்தார். பையனுக்குப் பிடித்த வுட் தெரு கேக்கையும் ஆன் மறக்காமல் வாங்கி வைத்திருந்தார். நினைவுக்குறிப்புகளைப் படிக்கும்போது இப்படி நாடாவும் கேக்கும் வருகிற இடத்தில் நிறுத்திக் குறித்துக்கொள்ளுங்கள். அரசியல் வரும் பக்கங்களை வேகமாகப் புரட்டலாம்.

காசு: 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. அணாக் கணக்கு தெரிந்த தலைமுறைக்கு இது பெரிய விஷயமில்லை. காலாள் வீரனுக்கு நாளுக்கு 8 பென்னி, முப்பது நாளைக்குச் சரியாக ஒரு பவுண்டு. கொடுத்தால்தானே! 1647 வசந்தத்தில் அவர்களுக்கு 18 வாரப் பாக்கி. நாவலில் ஒரு வீரன் தாராளமாகச் செலவு செய்தால் காசு எங்கிருந்து வந்தது என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

சென்னை வாசகருக்கு ஒரு சபலம் வரும், எனக்கும் வந்தது. புனித ஜார்ஜ் கோட்டை 1640இல் எழுந்தது. அப்படியென்றால் நாயகியின் தம்பியை மதராசுக்கு அனுப்பினால் என்ன? அனுப்பலாம், கடிதம் போக ஆறு மாதத்துக்கு மேல், பதில் வர அதே அளவு. என் தம்பிக்காரன் எட்டு வாரத்தில் பதில் போட்டிருந்தான். அவனை ஊரிலேயே நிறுத்திவிட்டேன்.

8. அவர்கள் தமிழில் எப்படிப் பேசுவது

இதற்குத்தான் நான் அதிகம் திணறினேன். சோழர் கால நாவல் வாசித்த கை, ‘பிராணநாதா’ என்றுதான் தொடங்குகிறது. பிரில்லியானா மகனுக்கு எழுதியபோது ‘அன்பு நெட்’ என்றார். டாரத்தி காதலருக்கே ‘ஐயா’ என்று கடிதத்தைத் தொடங்கினார். ஆனாலும் அந்த ‘ஐயா’வுக்குள் எவ்வளவு குறும்பு!

நல்ல செய்தி: அன்றைய ஆங்கிலத்தில் நெருக்கத்துக்கும் தாழ்வுக்கும் ‘தௌ’, மரியாதைக்கு ‘யூ’ என்ற பிரிவு இன்னும் உயிரோடு இருந்தது. இன்றைய ஆங்கிலத்துக்கு இல்லாத வசதி தமிழுக்கு உண்டு. ஜப்தி எழுத்தரை நாயகி ‘நீங்கள்’ என்கிறாள், வெடுக்கென்று. சண்டையில் ‘நீர்’ ஆகிறது. ‘நீ’ வர 230 பக்கம் காத்திருந்தேன். வந்தபோது வேறு எதுவும் எழுத வேண்டியிருக்கவில்லை. முதல் அத்தியாயம் எழுதுவதற்கு முன்பே யார் யாரை எப்படி அழைப்பார்கள் என்று ஒரு தாளில் கட்டம் போட்டு ஒட்டிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் அப்பாவை ‘ஐயா’ என்பார்கள், அதில் மாற்றம் வேண்டாம்.

9. பதிப்புக்கு

சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரி என்பதால், ஜூன் மாதத்துக்குள் பிரதி பதிப்பாளர் கையில் இருப்பது நல்லது. தாமே பதிப்பிப்பவர்களுக்கு ஐ.எஸ்.பி.என். எண் இந்தியாவில் இலவசம். அரசின் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம், காசு கேட்கும் இடைத்தரகரை நாட வேண்டாம். அட்டைப்படத்துக்கு வடிவமைப்பாளர் நூறு ஆண்டு பிந்திய வெள்ளைப் பவுடர் விக்குக்காரர் படத்தைக் கொண்டுவருவார். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் தளத்தில் பொதுவுரிமை என்று குறித்த ஹாலர் படங்களைக் கட்டணமின்றி எடுக்கலாம், அதையே கொடுங்கள்.

கடைசித் திருத்தத்தைக் கணினியிடம் மொத்தமாக விடாதீர்கள். முதல் வரைவில் ‘டீ’ என்று எழுதிய இடத்தையெல்லாம் ஒரே சொடுக்கில் ‘பியர்’ என்று மாற்றினேன். மெய்ப்பு வந்தது. முதல் பக்கம், மூன்றாம் வரி: ‘திபியர்ரென்று கதவு தட்டப்பட்டது.’ ஒரு வரலாற்று நாவலில் எத்தனை முறை ‘திடீரென்று’ வரும் என்று அன்றைக்குத்தான் எண்ணிப் பார்த்தேன். நூற்று நாற்பது.